வினவல் சரத்தை சி மொழியில் பிரித்துப் படிப்பது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பிறகு வரும் பகுதிக்கு வினவல் சரம் என்று பெயர். பைத்தானிலும் பிஎச்பியிலும் எழுதுகிறவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. மொழியோடு வரும் நூலகமே அதைப் பிரித்துக் கையில் கொடுத்துவிடுகிறது. சி மொழியில் அந்த வசதி கிடையாது. பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி இந்த மொழியை உருவாக்கிய எழுபதுகளின் தொடக்கத்தில் வலை என்ற ஒன்றே இல்லை. இன்றைய சி தர நூலகத்திலும் வினவல் சரத்துக்கென்று ஒரு செயற்கூறு இல்லை. ஆகவே நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதினால் நூறு, நூற்றைம்பது வரிகளில் அடங்கிவிடும். ஆனால் அந்த வரிகளுக்குள் தவறுவதற்கு இடம் நிறைய இருக்கிறது.

பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலியிலும் கணினி படித்து முடித்து, "சி தெரியும், ஆனால் ஆய்வகப் பயிற்சிக்கு அப்பால் எதுவும் எழுதியதில்லை" என்று சொல்கிறவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். சுட்டி, அணி, ஸ்ட்ரக்ட் ஆகியவை தெரிந்திருந்தால் போதும். டர்போ சியில் பழகியவர்கள் அதை மூடிவிட்டு ஜிசிசியையோ கிளாங்கையோ நிறுவிக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் சோதனைக் கருவிகள் அந்தப் பழைய கம்பைலரில் கிடையாது.

உதாரணமாக, திருநெல்வேலிச் சீமையின் பஸ் நேரங்களைச் சொல்லும் ஒரு சிறிய சர்வர் நிரலை வைத்துக்கொள்வோம். பாளையில் ஏறிப் பாபநாசம் போக வேண்டும், காலை ஆறு மணிக்கு மேல் என்ன பஸ் இருக்கிறது என்று ஒருவர் கேட்கிறார். அவருடைய பிரவுசர் அனுப்புவது இது:

?புறப்பாடு=பாளை&சேருமிடம்=பாபநாசம்&நேரம்=6

படிக்க எளிதாக இருக்கட்டும் என்று தமிழில் எழுதியிருக்கிறேன். உண்மையில் கம்பி வழியே இந்த எழுத்துகள் இப்படி வருவதில்லை. முகவரிப் பட்டியில் தமிழாகத் தெரியும் ஒரு சுட்டியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். பெரும்பாலும் சதவீதக் குறிகளும் எண்களுமாக நீண்ட வால் ஒன்று வந்து விழும். சர்வருக்கு வருவது அந்த வால்தான்.

வாலின் கணக்கு

எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வடிவமைத்த இந்த முறையில், தமிழ் எழுத்துகளுக்கு ஒதுக்கப்பட்ட எல்லாக் குறியீடுகளும் 224 என்ற பைட்டில்தான் தொடங்கும். இரண்டாவது பைட் 174 அல்லது 175. மூன்றாவது 128 முதல் 191 வரை. 'ந' என்ற ஓர் எழுத்து 224, 174, 168 என்று மூன்று பைட்டாக நிற்கும். முகவரியில் இப்படிப்பட்ட பைட்டுகளுக்கு நேரடி இடமில்லை. எனவே ஒவ்வொரு பைட்டும் % என்ற குறியும் அதன் பின் இரண்டு பதினாறடிமான இலக்கங்களும் என மூன்று எழுத்தாக மாறுகிறது. ஒரு குறியீட்டுக்கு ஒன்பது எழுத்து.

'திருநெல்வேலி' என்பதில் த, ி, ர, ு, ந, ெ, ல, ், வ, ே, ல, ி எனப் பன்னிரண்டு குறியீடுகள். நினைவகத்தில் 36 பைட். வினவல் சரத்தில் 108 எழுத்து. 'அம்பாசமுத்திரம்' என்றால் 135. இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்பது நினைவகம் ஒதுக்கும் இடத்தில் புரியும். 'ஊர்ப் பெயர்தானே, 32 பைட் போதும்' என்று அணி ஒன்றை அறிவித்துவிட்டு, 31 பைட்டோடு வெட்டிக் கடைசியில் பூஜ்ய பைட் வைத்தால், உங்களிடம் எஞ்சுவது 'திருநெல்வே' என்ற பத்துக் குறியீடுகளும், 'ல' என்பதன் முதல் பைட்டான 224 மட்டும் தனியாகவும். அந்த அநாதைப் பைட் தரவுத்தளத்துக்குள் போய், பக்கத்தில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியாக முளைக்கும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவருக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது.

விதிகள் எங்கே இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். முகவரியின் பொதுவான இலக்கணம் 2005இல் வந்த ஆர்எஃப்சி 3986 என்ற ஆவணத்தில் இருக்கிறது. டிம் பெர்னர்ஸ்-லீ, ராய் ஃபீல்டிங், லாரி மாசின்டர் மூவரும் எழுதியது. ஆனால் பெயர், சமக்குறி, மதிப்பு, இடையில் & என்ற ஒழுங்கை அந்த ஆவணம் விதிக்கவில்லை. அதன் பார்வையில் வினவல் சரம் வெறும் எழுத்துத் தொடர். இந்த ஒழுங்கு எச்டிஎம்எல் படிவங்களிலிருந்து வந்தது; இன்று அதை, பிரவுசர் நிறுவனங்கள் கூடி நடத்தும் வாட்டவ்ஜி அமைப்பின் யூஆர்எல் தரநிலை விவரிக்கிறது. இடைவெளிக்குப் பதிலாக + போடும் வழக்கமும் படிவங்களின் சொத்துதான். இரண்டு ஆவணங்களையும் குழப்பிக்கொள்வதால்தான் முகவரியின் பாதைப் பகுதியில் வரும் +ஐயும் சிலர் இடைவெளியாக்கிவிடுகிறார்கள். அங்கே + என்றால் + மட்டுமே.

முதல் வேலை: சரத்தைக் கையில் வாங்குவது

ஒவ்வொரு கோரிக்கைக்கும் சர்வர் ஒரு தனி நிரலை ஓட்டி விடை வாங்குவது சிஜிஐ முறை. அப்படி ஓடும் நிரலுக்கு, வினவல் சரம் ஒரு சூழல் மாறியில் வந்து சேரும். கெட்என்வி என்ற செயற்கூறை அழைத்தால் கிடைத்துவிடும். கேள்விக்குறி அதில் இருக்காது. # குறிக்குப் பிறகு வரும் பகுதியை பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை; அதைத் தேட வேண்டாம்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். வினவல் சரம் இல்லாவிட்டாலும் அந்த மாறியை வெற்றுச் சரமாக வைக்க வேண்டும் என்று சிஜிஐ விதி சொல்கிறது. ஆனால் நீங்கள் சோதனைக்காக டெர்மினலில் நேரடியாக ஓட்டும்போது அந்த மாறியே இருக்காது. கெட்என்வி வெற்றுச் சுட்டியைத் திருப்பும். முதல் வரியிலேயே அதைச் சோதியுங்கள். அடுத்தது, கெட்என்வி தரும் சரத்தை நிரல் மாற்றக் கூடாது என்பது சி தரநிலையின் விதி. நாம் பிற்பாடு சதவீதக் குறிகளை அவிழ்த்து, அதாவது மறுபடி பைட்டுகளாக்கி, அதே இடத்தில் எழுதப் போகிறோம் என்பதால், முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

டெர்மினலில் சோதிக்கும்போது சரத்தை நிரலுக்கு வாதமாகக் கொடுப்பது எளிது. ஒற்றை மேற்கோளுக்குள் கொடுங்கள். மேற்கோள் இல்லாவிட்டால் & என்பதை ஷெல் தனக்கான கட்டளையாக எடுத்துக்கொண்டு, உங்கள் நிரலைப் பின்னணியில் ஓட விட்டுவிடும். 'முதல் பெயர் மட்டும்தான் வருகிறது, மற்றவை காணவில்லை' என்று புதியவர்கள் நிரலைக் குடைவது பெரும்பாலும் இதனால்தான். நிரலில் குறை இருக்காது.

நகல் எடுப்பதற்கு முன் நீளத்தைப் பாருங்கள். அப்பாச்சி சர்வர் கோரிக்கையின் முதல் வரியை இயல்பாக 8190 பைட்டுக்குள் நிறுத்துகிறது. ஒன்பதால் வகுத்தால் 910 தமிழ்க் குறியீடுகள், அதுவும் பாதையும் பெயர்களும் இடம் பிடிக்காவிட்டால். பஸ் நேரம் கேட்பதற்கு 2000 பைட் தாராளம். அதற்கு மேல் வந்தால், முகவரி மிக நீளம் என்று சொல்லும் 414 என்ற நிலைக் குறியோடு மறுத்துவிடலாம்.

துண்டு: சுட்டியும் நீளமும்

சி மொழியில் சரம் என்றால் பூஜ்ய பைட்டில் முடிவது என்று படித்திருக்கிறோம். இந்த வேலைக்கு அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு ஸ்ட்ரக்ட் அறிவியுங்கள்: தொடக்கத்தைக் காட்டும் சுட்டி ஒன்று, நீளம் ஒன்று. அதைத் 'துண்டு' என்று அழைப்போம். வினவல் சரம் முழுதும் ஒரு துண்டு. அதை & இடங்களில் வெட்டினால் சிறு துண்டுகள். ஒவ்வொன்றையும் சமக்குறியில் வெட்டினால் பெயர்த் துண்டு, மதிப்புத் துண்டு. எதையும் நகலெடுக்க வேண்டாம், எங்கேயும் பூஜ்ய பைட் எழுத வேண்டாம். எல்லாத் துண்டுகளும் அந்த ஒரே நகலைத்தான் சுட்டுகின்றன என்பதை மட்டும் மறக்கக் கூடாது. நகலை விடுவித்துவிட்டால் துண்டுகள் அத்தனையும் செல்லாது.

பூஜ்ய பைட்டை நம்பாததற்கு வேறு காரணமும் இருக்கிறது. யாரேனும் %00 என்று அனுப்பினால், அவிழ்த்த பிறகு சரத்தின் நடுவே ஒரு பூஜ்ய பைட் உட்கார்ந்துவிடும். நீளத்தை வைத்து வேலை செய்யும் பகுதி முழுச் சரத்தையும் பார்க்கும்; ஸ்ட்ர்லென், ஸ்ட்ர்கம்ப் போன்றவை பாதியிலேயே நின்றுவிடும். ஒரே சரத்தை இரண்டு பகுதிகள் இரண்டு விதமாகப் படிப்பதுதான் பாதுகாப்புக் குறைகளின் பிறப்பிடம். ஊர்ப் பெயருக்குள் பூஜ்ய பைட் வர நியாயமே இல்லை. கண்டதும் கோரிக்கையை மறுத்துவிடுங்கள்.

வெட்டுவது

துண்டை & இடங்களில் வெட்ட மெம்சிஎச்ஆர் என்ற செயற்கூறு போதும். தொடக்கச் சுட்டி, தேடும் பைட், எத்தனை பைட்டுக்குள் தேட வேண்டும் என்ற எல்லை ஆகிய மூன்றையும் கொடுத்தால், கிடைத்த இடத்தின் சுட்டியைத் தரும். இல்லையென்றால் வெற்றுச் சுட்டி. கிடைத்தால் அதுவரை ஒரு துண்டு; மீதியில் மறுபடி தேடல். கிடைக்காவிட்டால் மீதி முழுதும் கடைசித் துண்டு. இரண்டு & அடுத்தடுத்து வந்தால் நடுவில் நீளம் 0 உள்ள துண்டு கிடைக்கும்; அதை விட்டுவிட்டு மேலே போகலாம், பிழையாகக் கருத வேண்டியதில்லை.

கல்லூரியில் இதற்கு ஸ்ட்ர்டாக் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்கு அந்தச் செயற்கூறின் மேல் நல்லெண்ணம் கிடையாது. அது உள்ளீட்டிலேயே பூஜ்ய பைட்டுகளை எழுதுகிறது. எங்கே நின்றோம் என்பதைத் தனக்குள் ஒளித்து வைத்துக்கொள்கிறது; & இடங்களில் வெட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே சமக்குறிக்காக இன்னொரு முறை அழைத்தால் வெளிச் சுற்று வழிதவறிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெற்றுப் பகுதிகளை அது விழுங்கிவிடுகிறது. 'வழி=' என்று வந்தாலும் '=வழி' என்று வந்தாலும் ஸ்ட்ர்டாக்கின் கையிலிருந்து கிடைப்பது 'வழி' என்ற ஒரே துண்டு. முதலாவதில் அது பெயர், மதிப்பு வெற்று. இரண்டாவதில் பெயரே இல்லை. இந்த வித்தியாசத்தைத் தொலைத்த பிறகு எதைச் சரிபார்க்க முடியும்?

சமக்குறியில் வெட்டும்போது முதல் சமக்குறியை மட்டும் பாருங்கள். அதற்குப் பின்னால் எத்தனை சமக்குறி வந்தாலும் அவை மதிப்பின் பகுதி. சமக்குறியே இல்லாத துண்டு வந்தால் முழுதும் பெயர், மதிப்பு வெற்று என்று கொள்வது வழக்கம்.

அரைப்புள்ளியும் பிரிப்பான் அல்லவா என்று பழைய நூல் படித்தவர்கள் கேட்கலாம். 1999இல் வந்த எச்டிஎம்எல் 4.01, & குறிக்குப் பதிலாக அரைப்புள்ளியையும் சர்வர்கள் ஏற்கலாம் என்று பரிந்துரைத்தது உண்மை. இன்றைய தரநிலையில் & மட்டுமே. பழைய பதில்களைச் சேமித்து வைத்துத் தரும் ஒரு கேஷ் சர்வர் நடுவில் நின்று & மட்டும் பார்த்து, பின்னால் நிற்கும் உங்கள் நிரல் அரைப்புள்ளியையும் பார்த்தால், இருவரும் ஒரே முகவரியை வெவ்வேறாகப் புரிந்துகொள்வீர்கள். 2021இல் பைத்தான் தன் நூலகத்தில் இதைப் பாதுகாப்புக் குறையாகவே கருதித் திருத்தியது. அதே ஆண்டு கோ மொழியும் அரைப்புள்ளியை ஏற்பதை நிறுத்தியது.

அவிழ்ப்பது எப்போது

இதுவரை ஒரு சதவீதக் குறியையும் நாம் தொடவில்லை. வேண்டுமென்றேதான். வெட்டி முடித்த பிறகே அவிழ்க்க வேண்டும். இந்த வரிசையை எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது. அல்வாப் பொட்டலங்களைக் கடையிலேயே எண்ணி வாங்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டிவிட்டு எத்தனை பொட்டலம் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

நம் ஊரில் பஸ் நிறுத்தத்தைப் பெயரால் சொல்வதைவிட அடையாளத்தால் சொல்வதே அதிகம். ஆகவே தேடலில் 'அடையாளம்' என்ற பெயரையும் சேர்த்திருக்கிறோம் என்று வையுங்கள். ஒருவர் 'அல்வா & மிக்சர்' என்று தட்டுகிறார். பிரவுசர் அனுப்புவது:

அடையாளம்=அல்வா+%26+மிக்சர்&ஊர்=தென்காசி

%26 என்பது & குறியின் வேடம். மதிப்புக்குள் இருக்கும் &, பிரிப்பானாகிவிடக் கூடாது என்பதற்காகவே பிரவுசர் அதற்கு வேடம் போட்டு அனுப்புகிறது. முதலில் அவிழ்த்துவிட்டால் சரம் 'அடையாளம்=அல்வா & மிக்சர்&ஊர்=தென்காசி' ஆகிவிடும். இப்போது வெட்டினால் மூன்று துண்டு: அடையாளத்தின் மதிப்பு வெறும் 'அல்வா', நடுவில் மிக்சர் என்று ஒரு பெயர், பிறகு ஊர். தேடியவருக்கு மிக்சர் போய்விட்டது. அது சிறு நஷ்டம். கெட்ட எண்ணம் உள்ள ஒருவர் தன் பெயர்ப் பெட்டியில் '%26அனுமதி=நிர்வாகி' என்று வருமாறு செய்தால், இல்லாத ஒரு பெயரை உங்கள் நிரலுக்குள் நுழைத்துவிடுவார்.

இருமுறை அவிழ்ப்பதும் இதே வகைக் குற்றம். '%2526' என்று வந்தால், ஒருமுறை அவிழ்த்தால் '%26' என்ற மூன்று எழுத்து கிடைக்கும்; பயனர் சொல்ல வந்தது அதுதான். இன்னொரு முறை அவிழ்த்தால் & ஆகிவிடும். சரம் கைமாறும் ஒவ்வொரு செயற்கூறிலும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஓர் அவிழ்ப்பைப் போட்டு வைக்கிறவர்கள் உண்டு. அவிழ்ப்பு நிரல் முழுவதிலும் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும்.

அவிழ்க்கும் சுற்று

பெயர்த் துண்டுக்கும் மதிப்புத் துண்டுக்கும் தனித்தனியாக இதை ஓட்டுங்கள்:

படி = 0
எழுது = 0
படி < நீளம் இருக்கும் வரை:
    ப = துண்டு[படி]
    ப என்பது + என்றால்:
        துண்டு[எழுது] = இடைவெளி
        படியை 1 கூட்டு
    ப என்பது % என்றால்:
        நீளம் - படி < 3 என்றால் பிழை
        உயர் = இலக்கமாக்கு(துண்டு[படி + 1])
        தாழ் = இலக்கமாக்கு(துண்டு[படி + 2])
        இரண்டில் ஒன்று இலக்கமில்லை என்றால் பிழை
        துண்டு[எழுது] = உயர் × 16 + தாழ்
        படியை 3 கூட்டு
    வேறு எதுவானாலும்:
        துண்டு[எழுது] = ப
        படியை 1 கூட்டு
    எழுதுவை 1 கூட்டு
புதிய நீளம் = எழுது

படிக்கும் இடத்துக்கு முன்னால் எழுதும் இடம் ஒருபோதும் போகாது. மூன்று பைட் படித்தால் ஒன்றுதான் எழுதுகிறோம். அதனால் தனி நினைவகம் ஒதுக்காமல் அதே இடத்தில் எழுதலாம்.

நீளத்தைச் சோதிக்கும் அந்த ஒரு வரியில் கவனம் வையுங்கள். 'படி < நீளம் - 2' என்று எழுதினாலும் சரிதானே என்று தோன்றும். நீளம் என்பது சைஸ்-டி வகை, அதற்குக் குறை எண் கிடையாது. மதிப்பு '%' என்ற ஒரே எழுத்தாக இருந்தால் நீளம் 1. அதில் இரண்டைக் கழித்தால் குறை ஒன்று வராது. 64 பிட் கணினியில் நினைத்துப் பார்க்க முடியாத பெரிய எண் வரும். சோதனை தேறிவிடும், நிரல் எல்லைக்கு வெளியே படிக்கும். படி எப்போதும் நீளத்தைவிடச் சிறியது என்பதால் 'நீளம் - படி' என்ற கழித்தல் மட்டும் பத்திரமானது.

இலக்கமாக்கும் செயற்கூறை நீங்களே எழுதுங்கள். 48 முதல் 57 வரையிலான பைட் என்றால் 48ஐக் கழியுங்கள். அவை 0 முதல் 9. ஆங்கிலப் பெரிய எழுத்து ஏ முதல் எஃப் வரை 65 முதல் 70. 55ஐக் கழித்தால் 10 முதல் 15 வரும். சிறிய எழுத்து 97 முதல் 102, 87ஐக் கழியுங்கள். வேறு எது வந்தாலும் -1 திருப்பித் தாருங்கள். சோம்பலில் ஸ்ட்ர்டோலையோ எஸ்ஸ்கேன்எஃபையோ இதற்குப் பயன்படுத்தினால், அவை முன்னால் வரும் இடைவெளியையும் கூட்டல் குறியையும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்ளும். '%+1' என்பது செல்லாத குறி. அவை அதை 1 என்று படித்துவிடும்.

பைட்டுகளைக் குறியற்ற வகையில் வைத்துக்கொள்வதும் இங்கே கட்டாயம். சாதாரண சார் வகை, இன்டெல் கணினிகளில் பொதுவாகக் குறியுள்ளது. அதில் 224 என்பது -32 ஆகத் தெரியும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 224இல் தொடங்குவதால், இதை அட்டவணையின் சுட்டெண்ணாகப் பயன்படுத்தினால் அட்டவணைக்கு முன்னால் இருக்கும் நினைவகத்தைப் படிப்பீர்கள். ஐஸ்எக்ஸ்டிஜிட் போன்ற தர நூலகச் செயற்கூறுகளுக்கும் குறை எண் கொடுக்கக் கூடாது.

பிழை என்று வந்தால் என்ன செய்வது? வாட்டவ்ஜி தரநிலை இளகிய மனம் படைத்தது. செல்லாத % குறியை அப்படியே எழுத்தாக விட்டுவிடச் சொல்கிறது. கையால் '50%' என்று முகவரியில் தட்டியவருக்கு அது உதவும். பிரவுசர்களுக்கும் பொது நூலகங்களுக்கும் அது பொருத்தம். உங்கள் படிவத்திலிருந்து மட்டுமே கோரிக்கை வரும் சிறிய சர்வருக்கு நான் கடுமையையே சொல்வேன்: ஒழுங்கான பிரவுசர் இப்படி அனுப்பாது, தவறான கோரிக்கை என்று சொல்லும் 400 நிலைக் குறி கொடுத்து மறுத்துவிடுங்கள்.

+ பற்றி ஒரு வார்த்தை. படிவம் வழியே வரும் இடைவெளி + ஆகவும், ஜாவாஸ்கிரிப்ட் வழியே வருவது பெரும்பாலும் %20 ஆகவும் இருக்கும். இரண்டையும் ஏற்க வேண்டும். உண்மையான + வேண்டுமென்றால் அனுப்புகிறவர் அதற்குக் குறியாக்கம் செய்தாக வேண்டும். '+91' என்று தொடங்கும் தொலைபேசி எண்ணைச் சுட்டியில் கையால் எழுதியிருந்தால், உங்களுக்குக் கிடைப்பது இடைவெளியும் 91ம்தான். அது அனுப்பியவரின் பிழை. அதைச் சரிசெய்ய உங்கள் அவிழ்ப்பியை வளைக்காதீர்கள்.

அவிழ்ந்த பிறகு

இப்போது கையில் இருப்பவை பைட்டுகள். அவை தமிழ்தானா என்பது இன்னும் உறுதியில்லை. யூடிஎஃப்-8 ஒழுங்கில் இருக்கின்றனவா என்று ஒரு சோதனை வையுங்கள். 224இல் தொடங்கினால் அடுத்தது 160 முதல் 191க்குள், அதற்கடுத்தது 128 முதல் 191க்குள் இருக்க வேண்டும். பொதுவான விதிகள் முழுதும் ஆர்எஃப்சி 3629இல் ஒரு பக்க அளவில் இருக்கின்றன, பார்த்து எழுதிவிடலாம்.

ஒரே பெயர் பலமுறை வருவது தவறல்ல. பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியாகப் போகும் பஸ்தான் வேண்டும் என்றால் 'வழி=பத்தமடை&வழி=சேரன்மகாதேவி&வழி=வீரவநல்லூர்' என்று வருவதே இயல்பு. அதனால் பெயர்-மதிப்பு இணைகளை வந்த வரிசையிலேயே ஓர் அணியில் வையுங்கள். 'முதலாவதைக் கொடு', 'எல்லாவற்றையும் கொடு' என இரண்டு செயற்கூறுகள் போதும். 'நேரம்' இரண்டு முறை வந்தால் என்ன என்பதை மட்டும் முன்கூட்டியே தீர்மானித்து, எல்லா இடத்திலும் அதையே கடைப்பிடியுங்கள். நான் மறுத்துவிடுவேன். அணிக்கு ஓர் உச்ச எண்ணிக்கையும் வையுங்கள். பிஎச்பி ஆயிரத்தோடு நிறுத்திக்கொள்கிறது, நமக்கு 64 போதும். இந்த எண்ணிக்கைக்கு ஹாஷ் அட்டவணை தேவையே இல்லை. நேராகத் தேடுங்கள்.

நேரத்தை எண்ணாக்க ஏடோஐ வேண்டாம். 'ஆறு' என்று வந்தாலும் 0 தரும், '0' என்று வந்தாலும் 0 தரும். ஸ்ட்ர்டோல் நின்ற இடத்தைச் சொல்லும். அது சரத்தின் முடிவா, குறைந்தது ஓர் இலக்கமாவது படித்ததா, எண் 0 முதல் 23க்குள் இருக்கிறதா என மூன்றையும் பாருங்கள். அதற்குப் பூஜ்ய பைட்டில் முடியும் சரம் வேண்டும் என்பதால், மதிப்பைச் சிறிய அணியில் நகலெடுத்து முடிவில் பூஜ்ய பைட் வைத்துக் கொடுங்கள். ௬ என்று தமிழ் எண்ணில் அனுப்புகிற ஆர்வலர் ஏமாந்து போவார். அதற்கு வேண்டுமானால் தனியாக ஒரு செயற்கூறு எழுதிக்கொள்ளலாம்.

ஊர்ப் பெயரை ஒப்பிடும் இடத்தில் தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று காத்திருக்கிறது. 'கோவில்பட்டி'யின் முதல் எழுத்தில் உள்ள ோ, யூனிகோடில் 3019 என்ற ஒரே குறியீடாகவும் வரலாம். 3015, 3006 என்று ே, ா இரண்டாகப் பிரிந்தும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட் பைட்டாக ஒப்பிட்டால் வேறு வேறு. பிரிந்த குறியீடுகளைச் சேர்த்து ஒரே வடிவமாக்கும் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தைச் செய்துவிட்டு ஒப்பிட்டால் இது தீரும். சங்கரன்கோவிலுக்கும் அதே மருந்து. ஸ்ரீவைகுண்டத்துக்கு அந்த மருந்து கேட்காது. 2005இல் 'ஶ' என்ற எழுத்து யூனிகோடில் சேர்ந்த பிறகு, 'ஸ்' கொண்டும் 'ஶ்' கொண்டும் 'ஸ்ரீ' என்பதை உருவாக்கலாம் என்று ஆகிவிட்டது. இரண்டையும் ஒன்றாக்க எந்த இயல்பாக்கமும் முன்வராது. சேரன்மகாதேவி என்றும் சேரன்மாதேவி என்றும் இரண்டு விதமாக எழுதுவதைப் போல, இதற்கும் நீங்களே மாற்றுப் பெயர்ப் பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் இவை எதுவும் பிரித்துப் படிக்கும் பகுதிக்குள் வரக் கூடாது. வந்ததை வந்தபடி கொடுப்பதே அதன் வேலை. ஊர் தெரிந்திருக்க வேண்டியது தேடல் பகுதிக்கு.

ரஸ்ட் மொழியில் இதே வேலையைச் செய்கிறவர்களுக்குப் பாதிச் சுமை குறைவு. நாம் கையால் செய்த துண்டு அந்த மொழியிலேயே இருக்கிறது; எல்லைக்கு வெளியே படிப்பதை மொழியே தடுத்துவிடுகிறது. வினவல் சரத்துக்கென்று புழக்கத்தில் இருக்கும் நூலகமும் உண்டு. அவிழ்க்க எதுவும் இல்லாத துண்டை அது நகலெடுக்காமல் அப்படியே தரும், இருந்தால் மட்டும் புதிய சரம் உருவாக்கும். ஆனால் யூடிஎஃப்-8 ஒழுங்கில் இல்லாத பைட்டுகளை அது சத்தமில்லாமல் மாற்றுக் குறியாக்கிவிடும். மறுக்க வேண்டும் என்றால் அங்கேயும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சோதனை

ஜிசிசி, கிளாங் இரண்டிலும் அட்ரஸ் சானிடைசர் என்ற வசதி இருக்கிறது. கம்பைல் செய்யும்போது அதையும் -g தெரிவையும் இயக்கிவிட்டால், எல்லைக்கு வெளியே ஒரு பைட் படித்தாலும் நிரலை அந்த இடத்திலேயே நிறுத்தி வரி எண்ணைச் சொல்லும். ஆனால் ஒரு நுணுக்கம்: சோதனைச் சரத்தை அதன் நீளத்துக்குச் சரியாக மாலாக்கில் ஒதுக்கிய இடத்தில், பூஜ்ய பைட் இல்லாமல் வையுங்கள். பெரிய அணியின் நடுவில் வைத்தால் எல்லை மீறினாலும் அது அணிக்குள்ளேயே இருப்பதால் கருவிக்குத் தெரியாது.

கொடுத்துப் பார்க்க வேண்டிய சரங்கள்: வெற்றுச் சரம்; '&' மட்டும்; '=' மட்டும்; '=பாளை'; 'ஊர்='; 'ஊர்'; 'ஊர்=அ=ஆ'; '%' மட்டும்; '%2'; '%+1'; '%00'; '%2526'; 'ஊர்=%26'; முழுக் குறியாக்கத்தோடு 'திருநெல்வேலி'; அதே சரத்தின் கடைசி மூன்று எழுத்துகளை வெட்டியது, இன்னும் மூன்றை வெட்டியது. வெட்டிய இரண்டும் யூடிஎஃப்-8 சோதனையில் மாட்ட வேண்டும். மேலும் மூன்றை வெட்டினால் 'திருநெல்வேல' என்று குறியீடு முழுதாக முடிந்து சோதனையில் தேறிவிடும். அப்படி ஓர் ஊர் இல்லை என்று சொல்ல வேண்டியது தேடல் பகுதி. இவை எல்லாம் தேறியபின் தாறுமாறான உள்ளீடுகளைத் தானே உருவாக்கிக் கொடுத்துப் பார்க்கும் லிப்ஃபஸ்ஸரை ஓர் இரவு ஓட விடுங்கள்; அது கிளாங்கோடு வருகிறது. உங்கள் செயற்கூறு பைட்டுச் சுட்டியையும் நீளத்தையும்தான் வாங்குகிறது என்பதால், அதை ஃபஸ்ஸரோடு இணைக்க நான்கைந்து வரிக்கு மேல் ஆகாது.